கணக்கு சரியாக இருந்தும் நிறை ஏன் குறையவில்லை?

கலோரி என்ற சொல் இன்று நமது வீடுகளில் நன்கு பழகிவிட்டது. பிஸ்கட் பக்கற்றைத் திருப்பிப் பார்த்து அதில் எத்தனை கலோரி என்று வாசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உண்பதையெல்லாம் கைத்தொலைபேசியில் பதிந்து கூட்டிப் பார்க்கும் இளம் பெண்கள் இருக்கிறார்கள். கொப்பியில் கோடு போட்டு எழுதிவரும் தாய்மாரும் இருக்கிறார்கள். இவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். "முதல் மாதம் இரண்டு கிலோ குறைந்தது. அதற்குப் பிறகு தராசு அசையவே இல்லை."

இந்த நிலையில் பெண்கள் என்ன செய்கிறார்கள்? சிலர் இராச் சாப்பாட்டை நிறுத்துகிறார்கள். சிலர் காலையில் ஒரு பிளேன்ரீயோடு வேலைக்குப் போய் நண்பகலில் தலைசுற்றி விழுகிறார்கள். சிலர் விளம்பரத்தில் கண்ட மெலிவு மாத்திரையை வீட்டாருக்குத் தெரியாமல் வாங்குகிறார்கள். இன்னும் பலர், "எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று தம்மையே நொந்துகொண்டு எல்லா முயற்சியையும் கைவிட்டு விடுகிறார்கள். நிறை குறையாததைவிட இவைதாம் கூடுதல் கவலைக்குரியவை.

கலோரிக் கணக்கு பொய்யானதல்ல. உண்பதைவிடக் கூடுதலாகச் செலவழித்தால் உடல் தன் சேமிப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆயினும் கொப்பியில் நாம் எழுதும் இலக்கம் ஒன்று. வயிற்றுக்குள் போகும் இலக்கம் இன்னொன்று. உடல் செலவழிக்கும் இலக்கம் மற்றொன்று. இந்த மூன்றும் எங்கே பிரிகின்றன என்பதை அறிந்துகொண்டால், பட்டினி கிடக்கவும் வேண்டாம், நம்மை நாமே பழிக்கவும் வேண்டாம்.

கணக்கு எங்கிருந்து வந்தது?

ஒரு லீற்றர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்தத் தேவையான சக்தியே ஒரு கிலோ கலோரி. நாம் பேச்சுவழக்கில் கலோரி என்று சொல்வது இதைத்தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க இரசாயனவியலாளர் வில்பர் அற்வோட்டர் பல்வேறு உணவுகளை ஆராய்ந்து ஒரு எளிய கணக்கைத் தந்தார். ஒரு கிராம் மாப்பொருளில் 4 கலோரி, ஒரு கிராம் புரதத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. 1918இல் லூலு ஹன்ட் பீற்றர்ஸ் என்ற பெண் வைத்தியர் எழுதிய நூல் கலோரி எண்ணும் பழக்கத்தை அமெரிக்கப் பெண்களிடையே பரப்பியது. நூறு ஆண்டுகள் கடந்தும் உணவுப் பக்கற்றுகளில் நாம் காணும் இலக்கங்கள் பெரும்பாலும் அற்வோட்டரின் வழியிலேயே கணக்கிடப்படுகின்றன.

இவை சராசரி இலக்கங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. 2012இல் அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர்கள் பாதாம் பருப்பைச் சோதித்தார்கள். 28 கிராம் பாதாமில் 170 கலோரி இருப்பதாகப் பழைய கணக்குச் சொன்னது. உண்டவர்களின் உடலுக்குக் கிடைத்ததோ 129 கலோரிதான். பருப்பின் கலச்சுவர் உடையாமல் கொஞ்சம் கொழுப்பு அப்படியே வெளியேறி விடுவதே இதற்குக் காரணம்.

நமது சோற்றைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. கொழும்பிலுள்ள இரசாயன விஞ்ஞானக் கல்லூரியில் நடந்த ஓர் ஆரம்ப ஆய்வின் முடிவுகள் 2015இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் மாநாட்டில் வெளியிடப்பட்டன. அரிசியைச் சிறிது தேங்காயெண்ணெய் சேர்த்துச் சமைத்து, 12 மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், மாப்பொருளின் ஒரு பகுதி எளிதில் சமிக்காத வகையாக மாறுகிறது. சோதித்த ஓர் அரிசியில் கலோரி 10 முதல் 12 வீதம் வரை குறையக்கூடும் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இதைக் கேட்டு இன்னோர் அகப்பை சோறு போட்டுக்கொண்டால் அந்த இலாபம் அங்கேயே முடிந்துவிடும்.

இத்தகைய வேறுபாடுகள் இருந்தாலும், மாதக்கணக்கில் நிறை அசையாமல் நிற்பதற்கு இவை மட்டும் காரணமாகா. பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது.

கொப்பியில் ஏறாத கலோரிகள்

1992இல் நியூயோர்க் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. நாளொன்றுக்கு 1,200 கலோரிக்கும் குறைவாக உண்டும் மெலிய முடியவில்லை என்று சொன்ன 10 பேரை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். அவர்களில் 9 பேர் பெண்கள். உடல் உண்மையில் எவ்வளவு சக்தியைச் செலவழிக்கிறது என்பதை விசேட நீர் ஒன்றைக் குடிக்கக் கொடுத்து அளந்தார்கள். அவர்களின் உடல் இயக்கத்தில் குறை எதுவும் காணப்படவில்லை. ஆனால் உண்டதைச் சராசரியாக 47 வீதம் குறைவாகவும், செய்த உடலுழைப்பை 51 வீதம் கூடுதலாகவும் அவர்கள் பதிந்திருந்தார்கள். அதாவது 1,000 கலோரி என்று எழுதியவர் உண்மையில் ஏறத்தாழ 1,900 கலோரி உண்டிருக்கிறார்.

இவர்களைப் பொய்யர் என்று சொல்லிவிட முடியாது. மெலிந்தவர்களும் தாம் உண்டதைக் குறைத்தே சொல்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விடயம். தட்டில் வைத்துச் சாப்பிட்டது மனதில் நிற்கும். நின்றபடி வாயில் போட்டது நிற்காது. வீட்டில் சமைப்பவரும் பரிமாறுபவரும் கடைசியில் சட்டியை ஒதுக்குபவரும் ஒரே பெண்ணாக இருக்கும்போது, நின்றபடி உண்பது எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

உதாரணமாக, நாளொன்றுக்கு 1,800 கலோரி செலவழிக்கும் ஒரு குடும்பத் தலைவியை எடுத்துக்கொள்வோம். அவர் 1,400 கலோரியோடு நிறுத்திக்கொள்ளத் தீர்மானிக்கிறார். நாளுக்கு 400 கலோரி மிச்சம். நல்ல திட்டம்தான்.

மதியம் கத்தரிக்காய்க் கறி. கொப்பியில் "மரக்கறி, 25 கலோரி" என்று எழுதுகிறார். கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பில் போட்டது நினைவில் இல்லை. அவருடைய பங்கில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஊறியிருந்தால் அதுவே 120 கலோரி.

சொதியும் பால்கறியும் உண்டு. தண்ணீர் அதிகம் சேராத கட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லிலீற்றரில் 200 கலோரிக்கு மேல் இருக்கிறது. அவருடைய பங்குக்கு 50 மில்லிலீற்றர் என்றாலும் 100 கலோரி.

நாளுக்கு நான்கு தேநீர். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி 20 கலோரி என்றால், எல்லாம் சேர்ந்து 160 கலோரி. "தேநீர்தானே" என்று இதை அவர் எழுதவே இல்லை.

சின்ன மகன் மாஜரீன் பூசிய பாணில் பாதியை வைத்துவிட்டுப் போகிறான். எறிய மனமில்லாமல் தாய் உண்கிறார். அது ஏறத்தாழ 50 கலோரி.

இவற்றைக் கூட்டினால் 430. மிச்சம் பிடிக்க நினைத்த 400 கலோரியும் போய், மேலும் 30 சேர்ந்திருக்கிறது. இந்தப் பெண் ரோல்ஸ் சாப்பிடவில்லை, ஐஸ்கிரீம் சாப்பிடவில்லை, ஒரு வேளைகூட அளவு மீறி உண்ணவில்லை. தன் கொப்பியைப் பார்த்து அவர் குழம்பிப் போவதில் வியப்பில்லை.

கடைக் கணக்கை எடுத்துப் பாருங்கள்

ஒவ்வொரு கரண்டியையும் எண்ணுவது நடைமுறைக்கு உதவாது. ஒரே சட்டியில் ஐந்து பேருக்குச் சமைக்கும் வீட்டில் யாருடைய பங்கில் எவ்வளவு எண்ணெய் என்று எவரும் சொல்ல முடியாது. இதற்கு எளிய வழி மாதச் சாமான் பட்டியல்.

ஐந்து பேருள்ள வீட்டில் மாதத்துக்கு 3 லீற்றர் எண்ணெய் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 100 மில்லிலீற்றர். ஒருவருக்கு 20 மில்லிலீற்றர். அது 160 கலோரிக்கு மேல். சீனி 3 கிலோ என்றால் ஒருவருக்கு நாளுக்கு 20 கிராம், அதாவது 80 கலோரி. தேங்காய், மாஜரீன், பால்மா என்பவற்றையும் இவ்வாறே பார்க்கலாம். அடுத்த மாதம் எண்ணெயை 2 லீற்றராகவும் சீனியை 2 கிலோவாகவும் குறைத்தால், யாரும் பட்டினி கிடக்காமலேயே ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 80 கலோரி அளவில் குறைந்துவிடும். கடைச் செலவும் குறையும். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அது நன்மையே.

உடலும் தன் கணக்கை மாற்றுகிறது

எல்லாவற்றையும் சரியாக எழுதியும் ஒரு கட்டத்தில் நிறை நின்றுவிடுவதுண்டு. இதற்கு வேறு காரணம் இருக்கிறது.

ஒரு கிலோ கொழுப்பைக் குறைக்க 7,700 கலோரி மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற கணக்கைப் பலர் கேட்டிருப்பீர்கள். இறாத்தலுக்கு 3,500 கலோரி என்று 1958இல் மக்ஸ் விஷ்னொவ்ஸ்கி என்ற அமெரிக்க வைத்தியர் எழுதியதிலிருந்து வந்தது இது. இதன்படி நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோ வீதம் குறைந்துகொண்டே போக வேண்டும். அப்படியே போனால் சில ஆண்டுகளில் ஆளே இருக்கமாட்டார்! கணக்கில் எங்கோ ஒரு குறை இருப்பது இதிலிருந்தே தெரிகிறது.

80 கிலோ உடலைச் சுமந்து நடப்பதற்கு வேண்டிய சக்தி 70 கிலோ உடலுக்கு வேண்டியதில்லை. நிறை குறையக் குறையச் செலவும் குறைகிறது. அத்துடன் உணவு குறைந்துவிட்டது என்று கண்டால் உடல் இன்னும் சிக்கனமாகிவிடுகிறது. நமக்குத் தெரியாமலே நாம் குறைவாக நடமாடுகிறோம், பசியும் கூடுகிறது. பஞ்ச காலங்களில் மனித இனத்தைக் காப்பாற்றிய அதே ஏற்பாடுதான் இன்று நமக்குத் தடையாக நிற்கிறது.

அமெரிக்காவின் 'பிகஸ்ட் லூசர்' என்ற தொலைக்காட்சிப் போட்டியில் மிக வேகமாக மெலிந்த 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வின்படி, பெரும்பாலோருக்கு இழந்த நிறையில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது. ஆனால் ஓய்வாக இருக்கும்போது அவர்களின் உடல் செலவழித்த சக்தி, எதிர்பார்த்ததைவிட நாளுக்குச் சராசரியாக 500 கலோரி குறைவாகவே இருந்தது. வேகமாக மெலியும் ஆசைக்கு உடல் கேட்கும் விலை இது.

கெவின் ஹோல் என்ற விஞ்ஞானி தலைமையிலான குழு 2011இல் வெளியிட்ட கணக்கு நமக்குக் கூடுதலாகப் பயன்படும். உணவில் நாம் செய்யும் ஒரு மாற்றத்தின் முழுப் பயனும் கிடைக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் செல்லும். அதில் பாதி முதல் ஆண்டில் கிடைக்கும். ஆகவே சில மாதங்களில் வேகம் தணிவது இயல்பே. அதைத் தோல்வி என்று எண்ணிக் கைவிடுவோர், இன்னும் வர இருக்கும் பயனையும் சேர்த்தே கைவிடுகிறார்கள்.

தராசு சொல்வதும் சொல்லாததும்

காலையில் ஒரு நிறை, மாலையில் இன்னொரு நிறை காட்டுவது உடலிலுள்ள நீரினால்தான். முதல் நாள் கருவாடும் ஊறுகாயும் உண்டிருந்தால் உப்பு நீரைப் பிடித்து வைத்திருக்கும். மாதவிடாய்க்கு முந்திய நாட்களில் பல பெண்களுக்கு நிறை சற்றுக் கூடும். மலச்சிக்கலும் தராசில் தெரியும். கொழுப்பு குறைந்திருந்தும் இவை அதை மறைத்துவிடலாம். ஆகையால் தினமும் தராசில் ஏறி மனம் உடைய வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், காலையில், உணவுக்கு முன் நிறுத்துப் பாருங்கள். ஒரு மாதத்தின் முதல் வாரத்தை அடுத்த மாதத்தின் முதல் வாரத்தோடு ஒப்பிடுங்கள்.

ஓர் அளவு நாடாவும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெற்காசியப் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருப்பது நல்லது. நமது மக்களுக்கு வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பினால் நீரிழிவும் இருதய நோயும் வரும் ஆபத்து அதிகம். இதனால்தான் உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டும்போதே ஆசிய மக்கள் கவனமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் கூறியது. தராசு அசையாமல் நின்றாலும் இடுப்பு இரண்டு சென்ரிமீற்றர் குறைந்திருந்தால் அது நல்ல முன்னேற்றமே.

நித்திரையும் ஒரு மருந்து

அதிகாலை நாலரைக்கு எழுந்து, இரவு பதினொன்றுக்குப் பாத்திரம் கழுவி முடிக்கும் பெண்ணுக்கு எத்தனை மணி நேர நித்திரை கிடைக்கும்? 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், நிறை கூடிய 10 பேருக்கு ஒரே அளவு கட்டுப்பாட்டு உணவு கொடுக்கப்பட்டது. படுக்கையில் எட்டரை மணி நேரம் இருந்த காலத்தைவிட ஐந்தரை மணி நேரமே இருந்த காலத்தில் கொழுப்பாகக் குறைந்த பங்கு 55 வீதம் குறைவாக இருந்தது. அதற்குப் பதிலாகத் தசை கரைந்தது, பசியும் கூடியது. தாயின் நித்திரை அவருடைய தனிப்பட்ட சொகுசு அன்று என்பதை வீட்டார் உணர வேண்டும்.

வைத்தியரைக் காண வேண்டியது எப்போது?

சிலருக்கு நோயும் மருந்தும் காரணமாகலாம். தைரொயிட் சுரப்பி மந்தமானால் களைப்பு, குளிர் தாங்காமை, தலைமயிர் உதிர்தல், மலச்சிக்கல் என்பவற்றோடு நிறையும் ஓரளவு கூடும். மாதவிடாய் ஒழுங்கின்றி வருவதும் முகத்தில் உரோமம் வளர்வதும் சூலகத்தில் நீர்க்கட்டிகள் தொடர்பான ஓமோன் கோளாறின் அறிகுறிகளாக இருக்கலாம். பிரெட்னிசலோன் போன்ற ஸ்ரெரொயிட் மருந்துகள், இன்சுலின், சில மனநோய் மருந்துகள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் கருத்தடை ஊசி ஆகியவற்றால் சிலருக்கு நிறை கூடுவதுண்டு. அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. வைத்தியரிடம் சொல்லுங்கள், மாற்று வழி இருந்தால் அவர் தருவார்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் நிறை, குருதி அமுக்கம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து முதலிய பரிசோதனைகள் இலவசமாகச் செய்யப்படுகின்றன. 35 வயதை எட்டியவர்கள் கட்டாயம் ஒருமுறை போய் வரவேண்டும். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளைச் சொல்வார்.

விளம்பர மாத்திரைகளிடம் கவனமாக இருங்கள். சிபுற்றமின் என்ற மெலிவு மருந்து இருதயத்துக்கு ஆபத்தானது என்று 2010இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அதன் பிறகும் "மூலிகை" என்ற பெயரில் விற்கப்பட்ட பல பொருள்களில் அது கலந்திருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. இப்போது பேசப்படும் புதிய ஊசி மருந்துகளையும் வைத்தியரின் ஆலோசனையுடன் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலில், இரண்டு வாரத்துக்கு மட்டும் எல்லாவற்றையும் எழுதுங்கள். உப்புப் பார்க்க ருசித்தது, பிள்ளை வைத்துவிட்டுப் போனது, அயல்வீட்டில் குடித்த தேநீர் எல்லாம் அதில் இருக்கட்டும். ஓட்டை எங்கே என்று தெரிந்ததும் கொப்பியை மூடி வைக்கலாம்.

தட்டில் பாதி மரக்கறியும் கீரையுமாக இருக்கட்டும். கால்பங்கு சோறு, கால்பங்கு மீன், முட்டை, பருப்பு அல்லது கடலை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு மீனும் இறைச்சியும் பல வீடுகளில் குறைந்து, அந்த இடத்தைச் சோறும் பாணும் நிரப்பிவிட்டன. நெத்தலி, பயறு, கௌபி, பருப்பு ஆகியவை ஓரளவு கைக்கெட்டும் புரதங்கள். புரதம் இருந்தால் பசி அடங்கும்; தசையும் கரையாது.

பொரிப்பதை அவித்தோ சுட்டோ பாருங்கள். முதற்பாலின் அளவைக் குறைத்து இரண்டாம் பாலைக் கூட்டுங்கள். சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும். குளிர்பானப் போத்தலில் 2016 முதல் உள்ள வர்ண அடையாளத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருக்கிறது.

நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடங்கள். வெளியே போக வசதியில்லாதவர்கள் வீட்டு முற்றத்திலோ மாடிப்படியிலோ பத்துப் பத்து நிமிடமாக நடக்கலாம். வீட்டு வேலை செய்வதால் நடை தேவையில்லை என்று எண்ண வேண்டாம். அடுப்படியில் மணிக்கணக்கில் நிற்பது களைப்பைத் தரும். மூச்சு வேகமாகும் நடைக்கு அது ஈடாகாது.

இலக்கையும் சிறிதாக வையுங்கள். நீரிழிவு வரும் நிலையில் இருந்தவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளியான பெரிய ஆய்வில், நிறையில் 7 வீதத்தைக் குறைக்கும் இலக்குடன் வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்த குழுவில், நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. 75 கிலோ உள்ள ஒருவருக்கு 7 வீதம் என்பது ஐந்தே கால் கிலோதான். கல்யாணத்துக்கு முந்திய சட்டை மீண்டும் அளவாக வராமல் போகலாம். ஆனால் கண்ணும் காலும் சிறுநீரகமும் பாதுகாக்கப்படும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. "இவ்வளவு எழுதியும் மெலியவில்லையே" என்ற கேலி எந்தப் பெண்ணையும் மெலிய வைத்ததில்லை. அவர் அரை மணி நேரம் நடக்கும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டில் வேண்டிய அளவு மட்டும் போட்டு, மிச்சம் வைக்காமல் உண்ணப் பழகுங்கள். எல்லோரும் உண்ட பின் சட்டியில் மிஞ்சியதை உண்பவராக அவரை விடாமல், உங்களோடு உட்கார்ந்து சாப்பிடச் செய்யுங்கள். என்ன உண்டோம், எவ்வளவு உண்டோம் என்று அவருக்குத் தெரிவது அப்போதுதான்.